நைட்ரஜன் இல்லாத மீடியத்தில் வளர்ந்தாலே நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது என்று எழுதலாமா?

கருமண்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எம்எஸ்சி நுண்ணுயிரியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், லேபில் மலையாளம், நோட்டில் ஆங்கிலம் என்று ஓடுவதால் சொற்கள் கலந்து வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ப்ராஜெக்டுக்கு எங்கள் காட்டு மண்ணையே எடுத்தேன். கருமண், அப்பா வருடா வருடம் நிலக்கடலை போடுகிற காடு. கடலைச் செடியைப் பிடுங்கி உதறினால் உதிராமல் வேரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அந்த மண். நீர்த்து, நைட்ரஜன் சேர்க்காத மீடியங்களான ஆஷ்பி மானிட்டால் அகாரிலும் ஜென்சன் அகாரிலும் பரப்பினேன். மூன்றாம் நாள் பளபளப்பாக, ஊசியால் தொட்டால் நூல் மாதிரி இழுபடுகிற காலனிகள் வந்தன. ஐந்தைப் பிரித்து க1 முதல் க5 வரை பெயர் வைத்திருக்கிறேன்.

இதுவரை பார்த்தது மூன்று சோதனை. நைட்ரஜன் இல்லாத அகாரில் ஐந்துமே வளர்கின்றன. மாலேட் (மாலிக் அமில உப்பு) போட்ட அரைத்திட மீடியத்தில் மூன்று, பச்சையில் இருந்து நல்ல நீலத்துக்கு மாறின. பெப்டோன் நீரில் வளர்த்து நெஸ்லர் கரைசல் விட்டால் ஐந்துமே பழுப்பு. இவ்வளவு போதும், காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் சத்தாக மாற்றுகிற, அதாவது நைட்ரஜன் நிலைநிறுத்தும் பாக்டீரியா என்று எழுதிவிடு என்கிறார்கள். ஆனால் போன வருடம் சீனியர் அக்கா ஒருவரிடம் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "அளந்தது எங்கே?" என்று ஒரே கேள்வி கேட்டார்கள், அவரிடம் பதில் இல்லை.

அதனால் நானாக ஜெல்டால், அதாவது மொத்த நைட்ரஜனை அளக்கிற சோதனை, செய்து பார்த்தேன். 50 மில்லி ஆஷ்பி திரவம், அதில் நியூட்ரியன்ட் பிராத்தில் வளர்த்த கல்சர் 1 மில்லி, மூன்று நாள் இன்குபேட்டரில். அப்புறம் 10 மில்லி எடுத்து அமிலத்தில் கொதிக்கவைத்து டைஜஸ்ட் செய்து, வடித்து, 0.1 நார்மல் சல்ஃப்யூரிக் அமிலத்தில் டைட்ரேஷன். க3-க்கு 0.6 மில்லி வந்தது. பாக்டீரியா போடாத வெறும் மீடியத்துக்கு 0.4. வித்தியாசம் 0.2, அதாவது 0.28 மில்லிகிராம் நைட்ரஜன், முழுக் குடுவைக்கு 1.4 மில்லிகிராம். கணக்கு வந்துவிட்டது, ஆனால் மனசு ஒப்பவில்லை. மற்ற நாலும் 0.5, 0.6 என்றே நிற்கின்றன, ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. நைட்ரஜனே இல்லாத மீடியத்துக்கு 0.4 எப்படி வந்தது என்பதும் புரியவில்லை.

எங்கள் கல்லூரியில் வாயுக்களைப் பிரித்து அளக்கிற ஜிசி (கேஸ் குரோமடோகிராஃப்) கிடையாது. வைவாவுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. இந்த எண்ணை எழுதலாமா? இல்லையென்றால் என்ன செய்யலாம்?


பழைய ப்யூரெட் எழுதியது:

அம்மிணி, எழுதாதே. மனசு ஒப்பவில்லை என்றாயே, அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

மண் பரிசோதனை லேபில் 22 வருடம் ஜெல்டால் அடுப்புக்கு முன்னால் நின்றவன் என்கிற உரிமையில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலில் அந்தப் பெப்டோன் நீர். பெப்டோன் என்பதே புரதத்தை உடைத்து எடுத்த சாமான், எடையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு நைட்ரஜன். அதைத் தின்கிற பாக்டீரியா மிஞ்சிய நைட்ரஜனை அம்மோனியாவாகத் துப்பும். நெஸ்லர் காட்டுவது அந்த அம்மோனியாவை. காற்றில் இருக்கிற நைட்ரஜனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சாணத்தில் இருக்கிற பாக்டீரியாவைப் போட்டாலும் பழுப்பு வரும். எத்தனையோ ப்ராஜெக்டில் இதை நைட்ரஜன் நிலைநிறுத்தத்துக்கு அத்தாட்சியாக எழுதியிருப்பதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது. தயவுசெய்து நீ எழுதாதே.

நீல நிறமும் அப்படித்தான். பாக்டீரியா மாலேட்டைத் தின்னத் தின்ன மீடியம் காரமாகும், காரத்தில் அதில் போட்டிருக்கிற புரோமோதைமால் நீலம் என்கிற நிறங்காட்டி நீலமாகும். மாலேட் செலவானது என்பதற்குத்தான் அது சாட்சி. அந்த மீடியத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த பிரேசில் நாட்டு யோஹானா டோபரைனர் அம்மையார் முக்கியமாகப் பார்க்கச் சொன்னது மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே வெண்மையாக ஒரு படலம் தொங்குகிறதா என்பதை. நைட்ரஜனை நிலைநிறுத்துகிற நைட்ரோஜினேஸ் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, பாக்டீரியாவுக்கோ கொஞ்சம் ஆக்சிஜன் வேண்டும். இரண்டுக்கும் ஒத்துப்போகிற ஆழத்தில் போய் அது உட்கார்ந்துகொள்கிறது. உன் குழாய்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார், படலம் உள்ளே இருக்கிறதா, மேலே ஏடு மாதிரி இருக்கிறதா என்று.

அகாரில் வளர்ந்ததும் போதாது. சாதாரண அகாரிலேயே கொஞ்சம் நைட்ரஜன் உண்டு. அதே அறையில் யாராவது லிக்கர் அம்மோனியா பாட்டிலைத் திறந்தால் தட்டு அதையும் உறிஞ்சும். துளி நைட்ரஜனைப் பொறுக்கித் தின்று பிழைக்கிற பாக்டீரியா மண்ணில் ஏராளம், அதுகளும் இப்படியே பளபளவென்று சளி கட்டும், ஏனென்றால் மீடியத்தில் சர்க்கரை கொட்டிக் கிடக்கிறது. ஐந்தாறு முறை அடுத்தடுத்து நைட்ரஜன் இல்லாத மீடியத்திலேயே மாற்றி வளர்த்து அப்போதும் செழிப்பாக வந்தால் கொஞ்சம் நம்பலாம், அப்போதும் அளவு ஆகாது.

இப்போது உன் ஜெல்டால் கணக்கு. நியூட்ரியன்ட் பிராத் 1 மில்லி ஊற்றினாய். லிட்டருக்கு 5 கிராம் பெப்டோன், 3 கிராம் பீஃப் எக்ஸ்ட்ராக்ட் என்று போட்டிருந்தால் அந்த 1 மில்லியிலேயே கிட்டத்தட்ட 1 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. 50 மில்லியில் அது பரவி, நீ எடுத்த 10 மில்லிக்கு 0.2 மில்லிகிராம் வந்துவிடும். உனக்குக் கிடைத்த வித்தியாசம் 0.28. கழித்தால் 0.08. உன் ப்யூரெட்டில் ஒரு கோடு 0.1 மில்லி, 0.1 நார்மலில் அது 0.14 மில்லிகிராம். மிச்சம் நிற்பது ஒரு கோட்டுக்கும் குறைவு. நீ அளந்தது நீயே ஊற்றிய பெப்டோனை, அம்மிணி. ஐந்துக்கும் ஒரே மாதிரி வந்ததற்குக் காரணமும் அதுதான், ஐந்துக்கும் நீ ஊற்றியது ஒரே அளவு.

இதைச் சரி செய்ய ஜிசி வேண்டாம், உன்னிடம் இருப்பதே போதும். கல்சரை நைட்ரஜன் இல்லாத திரவத்திலேயே வளர்த்து, சென்ட்ரிஃப்யூஜில் இறக்கி, கிருமி நீக்கிய உப்பு நீரில் இரண்டு முறை கழுவி, அதைப் போடு. ஒப்பிட்டுப் பார்க்கிற கன்ட்ரோலுக்கு வெறும் மீடியம் வைத்தால் பத்தாது. போடுகிற அதே பாக்டீரியாவை அதே அளவு எடுத்து ஆட்டோகிளேவில் கொன்று, ஒரு குடுவையில் அதைப் போட்டு மற்றவற்றோடு சேர்த்தே வை. உயிருள்ளதற்கும் செத்ததற்கும் இருக்கிற வித்தியாசம்தான் காற்றிலிருந்து வந்த நைட்ரஜன். ஒவ்வொன்றுக்கும் மூன்று குடுவை. மூன்று நாள் போதாது, 30 டிகிரியில் 10 முதல் 14 நாள் விடு.

அமிலத்தை 0.02 நார்மலாக நீர்த்துக்கொள், 1 மில்லிக்கு 0.28 மில்லிகிராம் நைட்ரஜன் என்று வரும், படிக்கிற கோடுகள் ஐந்து மடங்காகும். மண்ணில் தனித்து வாழ்ந்து நைட்ரஜனை நிலைநிறுத்துகிற அசோடோபாக்டர், நல்ல வகையாக இருந்தால், ஒரு கிராம் சர்க்கரைக்கு 10 மில்லிகிராம் வாக்கில் நைட்ரஜனைப் பிடிக்கும், அதனால் உன் குடுவையில் உள்ள 1 கிராம் மானிட்டாலுக்கு என்ன எதிர்பார்க்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு உட்கார்.

அடுப்படியில் ஒரு சங்கதி. ஆஷ்பியில் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. அமிலத்தை ஒரேயடியாக ஊற்றினால் பால் பொங்குவது போலப் பொங்கிக் குடுவைக் கழுத்தில் ஏறி, மாதிரியில் பாதி வெளியே போய்விடும். சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விடு. சர்க்கரை மிச்சமிருந்தால் கரியாகி நுரைக்கும், அமிலத்தையும் நிறையக் குடிக்கும், வழக்கத்தைவிட நாலைந்து மில்லி கூடுதலாக ஊற்று. காப்பர் சல்ஃபேட் போட்டிருப்பாய், கருப்பு போய்ப் பழுப்பு போய்த் தெளிந்த இளம்பச்சை வந்த பிறகும் அரை மணி நேரம் கொதிக்க விடு. வடிக்கும்போது குழாயின் நுனி போரிக் அமிலத்துக்குள் மூழ்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள், வெளியே நின்றால் அம்மோனியா உன் மூக்குக்குத்தான் போகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் 4.7 மில்லிகிராம் அம்மோனியம் சல்ஃபேட்டை நிறுத்துப் போட்டு ஒரு ஓட்டம் ஓட்டு. அதில் இருப்பது 1 மில்லிகிராம் நைட்ரஜன். 0.02 நார்மலில் மூன்றரை மில்லி வர வேண்டும். வரவில்லை என்றால் கருவியில் கசிவு, அதைப் பார்க்காமல் மாதிரியைத் தொடாதே. வெறும் மீடியத்துக்கு 0.4 வந்ததே, அது ரசாயனங்களிலும் வடிநீரிலும் இருக்கிற நைட்ரஜன். தண்ணீரை மட்டும் டைஜஸ்ட் செய்து பார், எவ்வளவு வருகிறது என்று தெரியும்.


எத்திலீன் முகடு எழுதியது:

மேலே ஐயா சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். நான் ஜிசி பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் தங்கச்சி, ஜிசி உங்கள் கல்லூரியில் இல்லை என்பதால் அந்த வழியே அடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வாயுவை எடுத்துக்கொண்டு கருவி இருக்கிற இடத்துக்குப் போகலாம். உங்களுக்கு ஒரு பக்கம் கோவை, ஒரு பக்கம் திருச்சூர், இரண்டிலும் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. உங்கள் துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கி இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

முறை இதுதான். நைட்ரோஜினேஸ் நொதி நைட்ரஜனின் மூன்று பிணைப்பை உடைக்கிற அதே இடத்தில் அசிட்டிலீனைக் கொடுத்தால் அதை எத்திலீனாக்கிவிடும், அதோடு நிறுத்திக்கொள்ளும். இது 1966 வாக்கில் தெரியவந்தது, இரண்டு வருடத்துக்குள் மண்ணுக்கும் வேர்முடிச்சுக்கும் அளவு முறையாகவே வந்துவிட்டது. அழகு என்னவென்றால் நைட்ரஜன் நிலைநிறுத்தும் நுண்ணுயிர்களைத் தவிர மற்ற உயிர்கள் அசிட்டிலீனை எத்திலீன் ஆக்குவதில்லை, எத்திலீனை ஜிசி மிக மிகக் குறைந்த அளவிலும் பிடித்துவிடும். ஜெல்டாலுக்கு இரண்டு வாரம் காத்திருக்கிற இடத்தில் இதில் ஒரு மணி நேரத்திலேயே பதில் தெரிய ஆரம்பிக்கும்.

மருந்துக்கடையில் ஊசிமருந்து வருகிற மாதிரி ரப்பர் மூடி போட்ட கண்ணாடிக் குப்பி, 100 மில்லி அளவு. நைட்ரஜன் இல்லாத அரைத்திட மீடியம் 20 மில்லி, அதில் கல்சர் போட்டு வளரும்வரை பஞ்சு அடைப்பு. வளர்ந்த பிறகு பஞ்சை எடுத்து ரப்பர் மூடி போட்டு, உள்ளே இருக்கிற காற்று 80 மில்லி என்றால் சிரிஞ்சில் 8 மில்லி வெளியே எடுத்து 8 மில்லி அசிட்டிலீன் ஏற்றுங்கள், பத்தில் ஒரு பங்கு. ஒரு மணி, இரண்டு மணி, நாலு மணி, ஒவ்வொரு வேளையும் அரை மில்லி வாயு எடுத்து ஜிசியில் ஏற்ற வேண்டும். ஜிசிக்குள் வாயுக்களைப் பிரிக்கிற குழாய் (column) போராபேக்-N வகை என்றால் எத்திலீன் முதலில் வரும், வரைபடத்தில் சிறு முகடு. பின்னாலேயே அசிட்டிலீன், தாளை விட்டு வெளியே போகிற பெரிய முகடு. முதல் முறை பார்க்கும்போது அந்தச் சின்ன முகடு மணிக்கு மணி வளர்வதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது, சும்மா சொல்லவில்லை. நேரத்துக்கு எதிராகக் கோடு போட்டால் நேர்கோடாக ஏற வேண்டும். ஒரே ஒரு நேரத்தில் எடுத்த ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம்.

கன்ட்ரோல் இங்கேயும் உயிர்நாடி. பாக்டீரியா இல்லாத குப்பியில் அசிட்டிலீன் மட்டும் ஒன்று, ஏனென்றால் அசிட்டிலீனிலேயே கொஞ்சம் எத்திலீன் கலந்திருக்கும். பாக்டீரியா உள்ள குப்பியில் அசிட்டிலீன் போடாமல் ஒன்று, ஏனென்றால் சில பாக்டீரியா தானாகவே எத்திலீன் விடும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: ரப்பர் மூடியை ஆட்டோகிளேவில் வைத்தால் அந்த ரப்பரே எத்திலீன் விடும். நான் முதல் வருடம் இதில் மாட்டி ஒரு மாத வேலையைத் தூக்கிப் போட்டேன். செத்த கல்சர் போட்ட குப்பியில் எத்திலீன் ஏறிக்கொண்டே போனபோதுதான் மூடி மேல் சந்தேகம் வந்தது. மூடியைச் சாராயத்தில் துடைத்து, சுடர் இல்லாமல் உலரவிட்டுப் போடுங்கள்.

அசிட்டிலீன் வாங்க முடியவில்லை என்றால் கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டினால் வரும், ஒரு கிராம் கல்லுக்கு ஏறக்குறைய 300 மில்லி. நாங்கள் கால்பந்து பிளாடரில் பிடித்து வைப்போம். பூண்டு வாடை அடிக்கிறதே, அது பாஸ்ஃபீன் கலப்படம், அசிட்டிலீனுக்கு அந்த வாடை கிடையாது. கொஞ்சம் வாயுவை வெளியே போகவிட்டு அப்புறம் பிடியுங்கள், தண்ணீரில் குமிழவிட்டுக் கழுவுங்கள். காற்றில் 2.5 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பிடிக்கிற வாயு அது. பர்னர், ஸ்டவ், ஸ்விட்ச் எதுவும் பக்கத்தில் வேண்டாம், செப்புக் குழாயும் கூடாது. தனியாகச் செய்யாதீர்கள்.

கடைசியாகக் கணக்கு. மூன்று எத்திலீனுக்கு ஒரு நைட்ரஜன் என்று எல்லா நோட்டிலும் இருக்கும். நொதி நைட்ரஜனோடு வேலை செய்யும்போது ஹைட்ரஜனையும் வெளியே விடுகிறது, அதையும் சேர்த்தால் நாலுக்கு ஒன்று. நிஜ மாதிரிகளில் இந்த விகிதம் இரண்டு பக்கமும் நன்றாகவே ஓடும். அதனால் மணிக்கு, மில்லிகிராம் புரதத்துக்கு இத்தனை நானோமோல் எத்திலீன் என்று அளந்ததை அளந்தபடி எழுதுங்கள். கிலோ தழைச்சத்தாக மாற்றி எழுதினால் வைவாவில் அடுத்த கேள்வி அங்கேதான் வரும்.

நைட்ரஜன்-15 என்கிற கன ஐசோடோப்பை வாயுவாகக் கொடுத்து, செல்லுக்குள் அது சேர்ந்திருக்கிறதா என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்ப்பதுதான் நேரடி அத்தாட்சி. இயற்கையில் அது 0.366 விழுக்காடு, செல்லில் அதற்கு மேல் ஏறினால் காற்றிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்லலாம். செலவு அதிகம். அதிலும் சில கம்பெனிகளின் வாயுவில் நைட்ரஜன்-15 அம்மோனியா கலந்திருப்பது 2014-ல் வெளியே வந்தது, அதைப் பாக்டீரியா நேராகத் தின்றுவிட்டால் நிலைநிறுத்தாததும் நிலைநிறுத்தியதாகத் தெரியும். உங்கள் நியூட்ரியன்ட் பிராத் கதைதான், விலை மட்டும் அதிகம்.


கருமண்காடு எழுதியது:

ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பெப்டோன் கணக்கைப் படித்துவிட்டு நோட்டை எடுத்துப் பார்த்தேன். பிராத் பொடியின் டப்பாவில் நீங்கள் சொன்ன அளவுதான் போட்டிருக்கிறது. மாலேட் குழாய்களையும் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நீலமான மூன்றில் க3-இல் மட்டும் உள்ளே மெல்லிசாக ஒரு வளையம் தொங்குகிறது. மற்ற இரண்டிலும் மேலேயே ஏடு.

கார்பைடு பற்றி: முதலமடைப் பக்கம் மாம்பழம் பழுக்கவைக்க அதைப் போட்டுப் பிடிபட்ட செய்தி வரும்போதெல்லாம் அது விஷம் என்று மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். அதே வாயுவால் பாக்டீரியாவை அளக்கலாம் என்பது இப்போதுதான் தெரியும். கல்லூரி ஸ்டோரில் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

இன்னொரு கேள்வி. அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "நீ குடுவையில வளர்க்கறது இருக்கட்டும் கண்ணு, நம்ம காட்டு மண்ணுல வருசத்துக்கு எத்தனை கிலோ தழைச்சத்து சேருது, அதைச் சொல்லு, யூரியாவைக் குறைச்சுக்கறேன்" என்றார். மண்ணையே நேராக அளக்க முடியாதா? போன வருட மண், இந்த வருட மண் இரண்டிலும் ஜெல்டால் போட்டுக் கழித்தால்?


வடகரப்பதி கடலை எழுதியது:

லேப் விஷயம் எனக்குத் தெரியாதுங்க, கடலை தெரியும். அப்பாவிடம் இதைச் சொல்லு பாப்பா.

விதைச்சு நாற்பது, நாற்பத்தஞ்சு நாளில் காட்டில் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு செடியைக் களைக்கொத்தில் மண்ணோடு தோண்டி எடுக்க வேண்டும். பிடுங்கக் கூடாது, கருமண்ணில் பிடுங்கினால் வேரில் பாக்டீரியா குடியிருக்கிற முடிச்செல்லாம் மண்ணிலேயே நின்றுவிடும். வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசினால் கிளைவேர் பிரிகிற கவட்டில் முடிச்சு கடுகு மாதிரி ஒட்டியிருக்கும். பிளேடால் ஒன்றை இரண்டாக வெட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ரத்தச் சிவப்பாக, கொய்யாப்பழச் சதை மாதிரி இருந்தால் வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் தூங்குகிறது. சிவப்பு முடிச்சு நிறைய இருக்கிற காட்டில் நான் மேலுரமாக யூரியா போடுவதில்லை, ஏழெட்டு வருடமாக விளைச்சலில் எனக்குக் குறை இல்லை.

ஒரு வருடம் வரப்புக்கு அந்தப் பக்கம் போட்ட யூரியா மழையில் கரைந்து என் காட்டின் ஓரம் ஐந்தாறு சாலுக்கு வந்துவிட்டது. அந்தச் சாலில் செடி கரும்பச்சை, பார்க்க அழகு. தோண்டினால் முடிச்சு விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். பத்தடி தள்ளி எடுத்த செடியில் வேரே தெரியாத அளவுக்கு முடிச்சு. ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு.


எத்திலீன் முகடு எழுதியது:

அண்ணா சொன்ன சிவப்பு லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினுக்கு உறவு. முடிச்சுக்குள் ஆக்சிஜனைப் பிடித்து அளந்து அளந்து விடுகிற வேலை அதற்கு. யூரியா ஓரத்தில் முடிச்சு குறைந்ததும் சரிதான், நைட்ரஜன் வேரடியிலேயே கிடைத்தால் செடி பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து வளர்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். தனித்து வாழ்கிற பாக்டீரியாவும் அப்படியே, அம்மோனியா கிடைத்தால் நைட்ரோஜினேஸ் செய்யும் மரபணுவையே அணைத்துவிடும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க 16 ஏடிபி (செல் ஆற்றலைச் சேர்த்துவைக்கிற மூலக்கூறு) செலவு, சும்மா கிடைக்கும்போது யார் செய்வார்கள்.

இதில் தங்கச்சிக்கு ஒரு செய்தி இருக்கிறது. முடிச்சில் இருப்பது வேறு, நீங்கள் ஆஷ்பியில் பிரித்தது வேறு. கடலை முடிச்சில் வாழ்கிற பிராடிரைசோபியம் சாதாரணமாகத் தட்டில் தனியே நைட்ரஜனை நிலைநிறுத்தாது, செடியோடு சேர்ந்தால்தான். அப்பா கேட்கிற கிலோ கணக்கில் பெரும்பங்கு அந்த முடிச்சில் இருந்துதான். உங்கள் க3 வேலை செய்தாலும் அதன் பங்கு சிறியதுதான், இதை ப்ராஜெக்டில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

மண்ணில் ஜெல்டால் போட்டுக் கழிக்கிற யோசனை கணக்கில் நிற்காது. மண்ணில் நைட்ரஜன் 0.05 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹெக்டேரின் மேல் பதினைந்து சென்டிமீட்டர் மண் சுமார் 20 லட்சம் கிலோ. அதில் ஏற்கெனவே 1000 கிலோ நைட்ரஜன் கிடக்கிறது. தனித்து வாழ்கிற பாக்டீரியா ஒரு வருடத்தில் சேர்ப்பது சில கிலோ. ஒரே காட்டில் இரண்டு இடத்தில் எடுத்த மண்ணுக்கு நடுவிலேயே அதைவிடப் பல மடங்கு வித்தியாசம் இருக்கும். ஆயிரம் மூட்டை இருக்கிற குடோனை வாசலில் நின்று பார்த்து, நேற்றைக்கு மூன்று மூட்டை கூடியிருக்கிறதா என்று சொல்வது போல ஆகிவிடும்.

மண்ணை அப்படியே குப்பியில் போட்டு அசிட்டிலீன் ஏற்றலாம், செய்கிறார்கள். ஆனால் ஈர மண் தானாகவே எத்திலீன் விடும், மண்ணில் எத்திலீனைத் தின்கிற பாக்டீரியாவும் உண்டு, அசிட்டிலீன் போட்டால் அந்தத் தின்கிற வேலை நின்றுவிடும். அதனால் அசிட்டிலீன் போடாத கன்ட்ரோல் இங்கே முழுதாக நம்பத்தக்கதல்ல. மண் எடுத்த ஈரத்தோடு அன்றைக்கே செய்ய வேண்டும். உங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் பையில் எடுத்த மண் பஸ்ஸில் வருவதற்குள் உலர்ந்துவிடும், ஞாபகம் வையுங்கள். சர்க்கரைத் தண்ணீர் விட்டு அளந்தால் எண் பெரிதாக வரும், அது மண்ணால் முடியக்கூடியது, மண்ணில் நடக்கிறது அல்ல.

அப்பாவுக்கு இப்போதைக்குக் கடலைக்கார அண்ணாவின் பிளேடுதான் சரியான பதில்.


கருமண்காடு எழுதியது:

ஒரு மாதம் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன்.

முதலில் அம்மோனியம் சல்ஃபேட் ஓட்டினேன். மூன்றரை வர வேண்டிய இடத்தில் 2.6. வடிக்கிற கருவியின் ரப்பர் இணைப்பில் சோப்பு நீர் தடவினால் குமிழ் வந்தது. ஐயா, நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கசிவோடுதான் எல்லாவற்றையும் அளந்திருப்பேன். இணைப்பை மாற்றிய பிறகு 3.5, மறுபடி ஓட்டினால் 3.5.

கழுவிய கல்சர், செத்த கல்சர் கன்ட்ரோல், மூன்று மூன்று குடுவை, 14 நாள். முதல் டைஜஷனில் பொங்கி ஒரு குடுவை போனது, அவசரப்பட்டு அமிலத்தை ஊற்றிவிட்டேன். மற்றதில் செத்த கல்சர் எல்லாம் 0.4, 0.5 மில்லி. க1, க2, க4, க5 நான்கும் 0.5, 0.6. ஒன்றுமில்லை என்றே எழுதுகிறேன். க3 மூன்று குடுவையில் 5.1, 5.3, 5.5. நடு எண்ணில் 0.4-ஐக் கழித்தால் 4.9, 10 மில்லியில் 1.37 மில்லிகிராம், முழுக் குடுவைக்கு 6.9 மில்லிகிராம், கொடுத்தது ஒரு கிராம் மானிட்டால். முதல் குடுவையில் போரிக் அமிலம் ரோஜா நிறத்திலிருந்து பச்சையாக மாறியதும் ப்யூரெட்டைத் திறந்தேன், ஒரு மில்லி போயும் நிறம் திரும்பவில்லை, இரண்டு போயும் திரும்பவில்லை. பக்கத்து மேசைத் தோழியைக் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொண்டுதான் மிச்சத்தை விட்டேன்.

நெஸ்லர் பக்கத்தை ப்ராஜெக்டில் இருந்து எடுத்துவிட்டேன். வழிகாட்டி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, பெப்டோன் நைட்ரஜன் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டியதும் சரி என்றார். ஜிசிக்கு ஒரு இடத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது, வியாழக்கிழமை க3 குப்பிகளோடு போகிறேன், மூடியை ஆட்டோகிளேவில் வைக்கவில்லை.

அப்பா நேற்று ஐந்து செடி தோண்டினார். கிணற்றோரச் செடியில் முடிச்சு நிறைய, வெட்டினால் சிவப்பு. மேட்டுப் பக்கம் இரண்டு செடியில் முடிச்சு இருக்கிறது, உள்ளே வெளிறிக் கிடக்கிறது. அந்த மேட்டு மண்ணில் என்ன குறை என்று இப்போது அவர் என்னைக் கேட்கிறார். நைட்ரோஜினேஸுக்குத் தேவையான மாலிப்டினம் என்கிற உலோகம் குறைவாக இருக்குமா, இல்லை அந்தப் பாக்டீரியாவே சரியில்லையா, இதற்கும் யாராவது வழி சொல்லுங்கள். அந்த முடிச்சுகளைத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன்.